பேய் ஊர் என்று பெயர் வைத்தது யார்?

பாதிக் கதவுவரை மணல் ஏறிய அறைகள், சாயம் உரிந்த நீலச் சுவர்கள், கண்ணாடி போன ஜன்னல் வழியே விழும் வெயில். இந்தப் படங்களை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்போம். அது கோல்மன்ஸ்கோப். நமீபியா நாட்டின் தெற்கே, நமீப் பாலைவனத்தில், லூடரிட்ஸ் என்ற துறைமுக ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வைரத்துக்காகக் கட்டப்பட்டு, 1956இல் கடைசி ஆட்களும் வெளியேறிய ஊர். இன்று அது சுற்றுலாத் தலம். அனுமதிச் சீட்டு வாங்கினால் சில மணி நேரத்தில் முழுவதையும் நடந்தே பார்த்துவிடலாம். ஏறுவதற்கு மலை இல்லை. மணல் காலை இழுக்கும், அவ்வளவுதான். குழந்தைகளும் நடக்கக்கூடிய பாதை.

பயணக் கட்டுரைகள் எல்லாம் இதைப் 'பேய் நகரம்' என்கின்றன. ஆள் இல்லாத ஊர், அதனால் பேய் ஊர். தோழர்களே, இந்தச் சொல்லை நாம் அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. ஊரை விட்டுப் போனவர்களில் வீடு வைத்திருந்தவர்களும் இருந்தார்கள், வீடே கொடுக்கப்படாதவர்களும் இருந்தார்கள். முன்னவர்களின் காலி வீட்டைப் பார்த்து உலகம் பெருமூச்சு விடுகிறது. பின்னவர்களைப் பற்றி யார் பேசுவது?

அந்தப் பாதையில் நாமும் நடப்போம். ஆனால் சீட்டுக் கொடுக்கும் இடத்திலிருந்து அல்ல, கடற்கரையிலிருந்து தொடங்குவோம். இந்த ஊரின் கதை தொடங்குவது அங்கேதான்.

ஒரு மைலுக்கு எத்தனை கிலோமீட்டர்?

லூடரிட்ஸ் என்பது ஒரு ஜெர்மன் வியாபாரியின் பெயர். அடால்ஃப் லூடரிட்ஸ் 1883இல் இந்தக் கரையை 'வாங்கினார்'. விற்றவர் பெத்தானியில் இருந்த நாமா மக்களின் தலைவர் யோசஃப் ஃப்ரெடரிக்ஸ். முதல் ஒப்பந்தத்தில் விரிகுடாவும் அதைச் சுற்றிய நிலமும் போயின. விலை 100 பவுண்டும் 200 துப்பாக்கிகளும். அடுத்த ஒப்பந்தம் கடலோரமாக 20 மைல் அகலமுள்ள நீண்ட நிலத்துண்டுக்கு.

மோசடி 'மைல்' என்ற சொல்லில் இருந்தது. நாமா மக்களுக்குத் தெரிந்தது ஆங்கில மைல். அது சுமார் 1.6 கிலோமீட்டர். ஒப்பந்தத்திலோ ஜெர்மன் மைல் என்று எழுதப்பட்டது. அது சுமார் 7.4 கிலோமீட்டர். 32 கிலோமீட்டர் அகலம் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களிடமிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் அகலம் பறிக்கப்பட்டது. பெத்தானி மக்களின் நிலத்தில் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. பஞ்சமி நிலம் கைமாறிய கதையைத் தேடித் தாலுகா அலுவலகப் படிகளை ஏறி இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காகிதம் எழுதத் தெரிந்தவன், காகிதத்தாலேயே நிலம் பிடுங்குவான்.

1884இல் ஜெர்மனி இந்தப் பகுதியைத் தன் காலனி என்று அறிவித்தது. ஏமாற்றியவரின் பெயரை அந்தத் துறைமுகம் இன்றும் சுமக்கிறது.

தீவும் தண்டவாளமும்

லூடரிட்ஸ் துறைமுகத்தை ஒட்டி ஒரு சிறு பாறைத் தீவு உண்டு. பெயர் ஷார்க் தீவு. இன்று கரையோடு இணைந்துவிட்டது. சுற்றுலாப் பயணிகள் கூடாரம் போட்டுத் தங்கும் இடமாகவும் அது நடத்தப்பட்டது. 1905 முதல் 1907 வரை அது வதைமுகாம்.

நிலமும் மாடும் பறிபோவதைப் பொறுக்க முடியாமல் 1904 ஜனவரியில் ஹெரெரோ மக்கள் ஜெர்மன் ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, தளபதி ஃபான் ட்ரோத்தா அழித்தொழிப்பு ஆணையை வெளியிட்டார். ஜெர்மன் எல்லைக்குள் காணப்படும் ஹெரெரோ எவரும், ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுடப்படுவார் என்பது அதன் சாரம். தண்ணீர் இல்லாத ஓமஹேக்கே பாலைக்குள் மக்கள் துரத்தப்பட்டார்கள். நாமா மக்களும் அந்த மாதமே போரில் இறங்கினார்கள். 1908க்குள் ஹெரெரோக்களில் பெரும்பான்மையினரும் நாமாக்களில் ஏறக்குறைய பாதிப்பேரும் மாண்டார்கள் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. 20ஆம் நூற்றாண்டின் முதல் இனப்படுகொலை என்று இதைச் சொல்கிறார்கள்.

பிடிபட்டவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவற்றில் மிகக் கொடியது ஷார்க் தீவு. குளிர்ந்த கடற்காற்று, கிழிந்த துணி, அரைகுறைச் சோறு. இறந்தவர்களின் தலைகளை வேகவைத்துக் கண்ணாடித் துண்டுகளால் சதையைச் சுரண்டி எடுக்கும் வேலை சிறைப்பட்ட பெண்களுக்குத் தரப்பட்டது. மண்டையோடுகள் 'இன அறிவியல்' ஆராய்ச்சிக்காக ஜெர்மனிக்குக் கப்பலேறின. அவற்றில் 20 மண்டையோடுகள் 2011இல்தான் நாடு திரும்பின. பெத்தானி மக்களின் போர்த் தலைவர் கார்னீலியஸ் ஃப்ரெடரிக்ஸ் 1907 பிப்ரவரியில் இந்தத் தீவில் இறந்தார். எந்த மக்களிடமிருந்து இந்த விரிகுடா எழுதி வாங்கப்பட்டதோ, அந்த மக்களின் தலைவர் அதே விரிகுடாவில் கைதியாகச் செத்தார்.

கைதிகளை வைத்து ஜெர்மன் அரசு துறைமுகத்தில் வேலை வாங்கியது, ரயில் பாதை போட்டது. லூடரிட்ஸிலிருந்து பாலைவனத்தைக் கிழித்து உள்நாட்டுக்குப் போகும் தெற்குப் பாதை அப்படிப் போடப்பட்டதுதான். 1906 ஜனவரி முதல் 1907 ஜூன் வரை அந்தப் பாதையில் வேலைக்கு அனுப்பப்பட்ட கைதிகள் 2,014 பேர். இறந்தவர்கள் 1,359 பேர். இது ஜெர்மன் காலனி நிர்வாகத்தின் சொந்தக் கணக்கு. மூன்று பேரில் இருவர்.

கோல்மன்ஸ்கோப்புக்குப் போகும் சாலையில் நடக்கும்போது பக்கத்தில் தெரியும் தண்டவாளத் தடம் இவர்களுடையது. வைரம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே இந்த மண்ணில் விலை கொடுக்கப்பட்டுவிட்டது.

வைரத்தைக் கண்டெடுத்தவர்

இந்தப் பாலைவனத்தில் ரயில் ஓடவேண்டுமானால் தினமும் ஒரு வேலை நடக்கவேண்டும். காற்று கொண்டுவந்து கொட்டும் மணலைத் தண்டவாளத்திலிருந்து அள்ளி எறியவேண்டும். இன்று அள்ளினால் நாளை மறுபடி மூடும். அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் சக்கரியாஸ் லெவாலா. கறுப்பினத் தொழிலாளி. முன்பு தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1908 ஏப்ரலில் மணல் அள்ளும்போது ஒரு கல் மின்னியது. பார்த்ததுமே அது என்னவென்று லெவாலாவுக்குத் தெரிந்துவிட்டது. அதைத் தன் மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஸ்டௌக்கிடம் கொடுத்தார்.

ஸ்டௌக் சத்தமில்லாமல் சுற்றியுள்ள நிலத்துக்குத் தேடுதல் உரிமங்களை வாங்கிக்கொண்டார். கோடீஸ்வரர் ஆனார். லெவாலாவுக்குப் பங்கும் இல்லை, பரிசும் இல்லை.

எத்தனையோ குறிப்புகளில் 'வைரத்தைக் கண்டுபிடித்தவர் ஸ்டௌக்' என்றே இருக்கும். லெவாலாவின் பெயர் வந்தாலும் 'அதிர்ஷ்டவசமாக ஒரு கல்லை எடுத்த வேலையாள்' என்ற அளவில் நிற்கும். இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது? ஆயிரம் பேர் மிதித்துப்போன மணலில் இது வைரம் என்று அடையாளம் காண அறிவு வேண்டும். கிம்பர்லியில் வியர்வை சிந்திப் பெற்ற அறிவு அது. உழைப்பவனின் கையை ஒப்புக்கொள்வார்கள், அவன் மூளையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நம்முடைய வைத்தியமும் தோல் பதனிடும் நுட்பமும் பறையின் இசை அறிவும் எப்படி எழுதப்பட்டன என்று நினைத்துப் பாருங்கள்.

ஊருக்குப் பெயர் வந்த கதையும் கவனிக்க வேண்டியது. மணற்புயலில் மாட்டு வண்டியைக் கைவிட்டுப் போன ஜானி கோல்மன் என்ற வண்டியோட்டியின் நினைவாக அந்த மேட்டுக்குக் கோல்மன்ஸ்கோப் என்று பெயர் வந்ததாம். வண்டியை விட்டுவிட்டுப் போனவர் பெயர் ஊருக்கு. வைரத்தை எடுத்துக் கொடுத்தவர் பெயர் ஊருக்கு இல்லை.

1908 செப்டம்பரில் ஜெர்மன் அரசு ஆரஞ்சு ஆற்றிலிருந்து வடக்கே, கடலிலிருந்து 100 கிலோமீட்டர் உள்வரை, முழு நிலத்தையும் 'தடை செய்யப்பட்ட பகுதி' என்று அறிவித்தது. நாமா மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த மண்ணில் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே குற்றமாயிற்று. இன்றைய பயணி வாங்கும் அனுமதிச் சீட்டின் மூலம் அந்த ஆணையில் இருக்கிறது.

ஊரும் கொட்டடியும்

இப்போது ஊருக்குள் நுழைவோம். மேலாளர் வீடு, மருத்துவர் வீடு, ஆசிரியர் வீடு, கணக்கர் வீடு என்று வரிசையாக நிற்கின்றன. நடன அரங்கம், பந்து உருட்டி விளையாடும் கூடம், பள்ளி, மின் நிலையம், பனிக்கட்டித் தொழிற்சாலை எல்லாம் இருந்தன. ஒரு சொட்டு ஊற்றுநீர் இல்லாத இடத்துக்குக் கேப் டவுனிலிருந்து கப்பலில் குடிநீர் வந்தது. ஊரின் உச்ச காலத்தில் சுமார் 300 ஜெர்மானியப் பெரியவர்களும் 40 குழந்தைகளும் வாழ்ந்தார்கள் என்று சொல்வார்கள்.

அதே கணக்கின் கடைசியில் இன்னொரு எண் வரும்: ஒவாம்போ தொழிலாளர்கள் 800 பேர். ஊரின் பெரும்பான்மை இவர்கள்தான். ஆனால் நடன அரங்கம் இவர்களுக்கில்லை. குடும்பம் கூட வர அனுமதியில்லை. ஊரிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட கொட்டடியில், ஆண்கள் மட்டும், ஒப்பந்தம் முடியும்வரை. ஊர் வேறு, சேரி வேறு என்ற ஏற்பாட்டை நாம் எங்கே போனாலும் அடையாளம் கண்டுகொள்வோம்.

ஒவாம்போ மக்களின் ஊர் நாட்டின் வடகோடியில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. அவ்வளவு தொலைவிலிருந்து ஏன் ஆள் கொண்டுவந்தார்கள்? பக்கத்தில் இருந்த நாமாக்களும் நடுநாட்டின் ஹெரெரோக்களும் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆள் பஞ்சத்தை உண்டாக்கியதே அந்தப் படுகொலைதான். இனப்படுகொலையும் ஒப்பந்தக் கூலி முறையும் தனித்தனிப் பாடங்கள் அல்ல, அடுத்தடுத்த பக்கங்கள்.

தொடக்க காலத்தில் வைரம் தோண்டி எடுக்கப்படவில்லை. மணலின் மேலேயே கிடந்தது. தொழிலாளர்கள் வரிசையாக மண்டியிட்டுத் தவழ்ந்துகொண்டே பொறுக்கினார்கள். பின்னால் மேற்பார்வையாளர் நிற்பார். 1912இல் மட்டும் இந்தக் காலனியிலிருந்து சுமார் 10 லட்சம் காரட் வைரம் போனது.

ஊர் மருத்துவமனையில் ஒரு எக்ஸ்ரே கருவி இருந்தது. தென்னரைக் கோளத்தின் முதல் எக்ஸ்ரே என்று வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்வதுண்டு. நோயைக் கண்டுபிடிக்க மட்டும் அல்ல, தொழிலாளி வைரத்தை விழுங்கியிருக்கிறானா என்று பார்க்கவும் அது பயன்பட்டது. புதிய அறிவியல் வந்தபோது, உழைப்பவன் உடலுக்குள் அது முதலில் தேடியது திருட்டை. மைலைத் திருடிய நிலத்தில், தொழிலாளியின் வயிற்றைத் திருடனின் பையாகப் பார்த்தார்கள்.

முதல் உலகப் போரின்போது, 1915இல், ஜெர்மனி தோற்று இந்த நாடு தென்னாப்பிரிக்காவின் கைக்குப் போனது. 1920இல் ஓப்பன்ஹைமரின் ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனம் வைர வயல்களை ஒரே கம்பெனியாகத் திரட்டியது. 1928இல் தெற்கே ஆரஞ்சு ஆற்று முகத்துவாரத்தருகே இன்னும் பெரிய வைரங்கள் கிடைத்தன. கம்பெனி மெல்ல மெல்ல அங்கே நகர்ந்தது. 1956இல் கோல்மன்ஸ்கோப் முழுதாகக் காலியானது.

அதன் பிறகு மணல் உள்ளே வந்தது. 'இயற்கை ஊரைத் திரும்ப எடுத்துக்கொண்டது' என்று எழுதுவார்கள். நாம் வேறு மாதிரி படிக்கவேண்டும். அந்த ஊர் நின்ற காலம் முழுவதும் மணல் வந்துகொண்டேதான் இருந்தது. தினமும் அள்ளப்பட்டது. அள்ளிய கைகள் போனதும் மூடிக்கொண்டது. இன்று நாம் பார்க்கும் ஒவ்வொரு மணல் அறையும், அந்த ஊரை நாள்தோறும் நிற்கவைத்த உழைப்பு எவ்வளவு என்பதற்கு அளவுகோல். கூட்டுகிறவர்கள் ஒரு வாரம் வேலைக்கு வராவிட்டால் எந்த நகரமும் என்னவாகும் என்று நமக்குத் தெரியும். கோல்மன்ஸ்கோப்பில் அவர்கள் எழுபது ஆண்டுகளாக வரவில்லை.

போனவர்கள் எங்கே போனார்கள்?

மேலாளர்கள் வேறு ஊர்களில் வேறு வேலை பார்த்தார்கள். ஒவாம்போ தொழிலாளர்கள் பேயாகிவிடவில்லை. ஒப்பந்தமுறை அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் விடவில்லை. 1943இல் ஸ்வான்லா என்ற ஒற்றை நிறுவனத்தின் கீழ் ஆள் பிடிக்கும் வேலை வந்தது. ஆட்களை உடல்வலுவைப் பார்த்து ஏ, பி, சி என்று தரம் பிரித்தார்கள். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல.

அந்தக் கொட்டடிகளிலிருந்தே எதிர்ப்பும் பிறந்தது. ஒப்பந்தக் கூலிமுறையை ஒழிக்கவேண்டும் என்ற கோரிக்கையோடு 1957இல் கேப் டவுனில் ஒவாம்போ தொழிலாளர்கள் அமைப்பானார்கள். அதன் வழியில் 1960இல் ஸ்வாப்போ விடுதலை இயக்கம் உருவானது. 1971 டிசம்பர் 13 அன்று வின்ட்ஹுக் நகரில் தொடங்கிய வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவியது. 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு ஸ்வான்லா கலைக்கப்பட்டது.

1957இல் அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் முன்னணியில் நின்றவர் அண்டிம்பா தோய்வோ யா தோய்வோ. தென்னாப்பிரிக்காவில் சுரங்கத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர். 1968 முதல் 1984 வரை ராபன் தீவுச் சிறையில் இருந்தவர். 1990 மார்ச் 21 அன்று நமீபியா விடுதலை பெற்றபோது, அந்த நாட்டின் முதல் சுரங்கத்துறை அமைச்சர் ஆனார். கம்பெனியோடு பேரம் பேசும் மேசையின் மறுபக்கம் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர் உட்கார்ந்தார். 1994இல் வைர நிறுவனத்தின் சரிபாதி நமீபிய அரசின் கைக்கு வந்தது. அதனால் தொழிலாளியின் வறுமை தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பேய் ஊரின் கதை 1956இல் முடிந்துவிடவில்லை என்று சொல்கிறோம்.

படுகொலையின் கணக்கும் தீரவில்லை. 2021 மே மாதம் ஜெர்மனி, இன்றைய பார்வையில் அது இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது. 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னது. ஆனால் அதை 'இழப்பீடு' என்று அழைக்க மறுத்தது. எங்களை மேசையில் உட்காரவைக்காமல் எங்கள் முன்னோரின் சாவுக்கு விலை பேசுவதா என்று ஹெரெரோ, நாமா அமைப்புகள் கேட்டன. உதவித்தொகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு நமக்கும் பழகிய சண்டைதான்.

நம் பக்கத்துப் 'பேய் ஊர்'

சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல. ஒன்றை இன்னொன்றாக மொழிபெயர்த்துவிட்டால் இரண்டையும் புரிந்துகொள்ளாமல் போய்விடுவோம். ஆனால் சுரங்கத்தின் கதையை எழுதும் முறையில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. அதற்கு நாம் நமீபியாவரை போகவேண்டியதில்லை.

கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. ஏறக்குறைய 120 ஆண்டுகள், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்கி, 800 டன்னுக்கும் மேல் தங்கம் எடுத்துக் கொடுத்தவர்களில் பெரும்பான்மை வடாற்காடு, சேலம் பக்கத்துத் தமிழ் தலித்துகள். அவர்கள் அங்கே வெறும் கூலிகளாக இருக்கவில்லை. மாரிக்குப்பத்தில் பௌத்தச் சங்கம் கட்டினார்கள். அயோத்திதாசர் தொடங்கிய 'தமிழன்' இதழ் பின்னாளில் ஜி.அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. அங்கே பள்ளமும் இருந்தது, படிப்பகமும் இருந்தது.

இன்று இணையத்தில் தேடினால் தங்கவயலுக்கும் 'பேய் நகரம்' என்ற அடைமொழி கிடைக்கும். துருப்பிடித்த இரும்புக் கோபுரம், வெள்ளையரின் பங்களா, சயனைடு மண்மேடு என்று படங்கள் வரும். ஆனால் விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் யார்? சுரங்க லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள் யார்? ஆள் வாழும் ஊரையே பேய் ஊர் என்று எழுத முடிகிறதென்றால், அங்கே வாழ்பவர்களை ஆளாகவே எண்ணவில்லை என்றுதான் பொருள். காலியான கோல்மன்ஸ்கோப்பில் தொழிலாளியின் கடந்த காலத்தை மறைக்கும் அதே சொல், காலியாகாத தங்கவயலில் அவர் பிள்ளைகளின் நிகழ்காலத்தையே மறைக்கிறது.

ஆகவே மாணவத் தோழர்களே, பழைய சுரங்கம், பழைய தோட்டம், பழைய ஆலை எதற்குப் போனாலும் படம் எடுங்கள், தப்பில்லை. ஆனால் நான்கு கேள்விகளைக் கையோடு கொண்டுபோங்கள். இந்த நிலம் யாரிடமிருந்து, எந்தக் காகிதத்தால் வாங்கப்பட்டது? இங்கே வரும் பாதையைப் போட்டவர்கள் யார்? வேலை செய்தவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள்? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள்? வழிகாட்டிப் பலகையில் பதில் இருக்காது. பக்கத்துத் தேநீர்க் கடையில் கேட்டால் கிடைக்கும்.

நமீபியாவில் அந்தப் பேரப்பிள்ளைகள் நடந்துகொண்டிருக்கிறார்கள். ஸ்வாகோப்முண்ட் நகரில், வெள்ளையர் கல்லறைத் தோட்டத்தை அடுத்து, பெயர்ப்பலகை இல்லாத சிறுசிறு மணல்மேடுகள் கிடக்கின்றன. முகாமில் செத்த ஹெரெரோக்களின் புதைகுழிகள் அவை. அந்த நகரில் ஆண்டுதோறும் இழப்பீட்டு நடைப்பயணம் நடக்கிறது. 2025 மே 28ஆம் தேதியை இனப்படுகொலை நினைவு நாளாக நமீபியா முதன்முறையாகக் கடைப்பிடித்தது. 1907இல் முகாம்களை மூட உத்தரவு வந்த நாள் அது. அதே பாலைவனம், அதே மணல். ஆனால் அந்த நடை சுலபமான நடை அல்ல. நம் வரலாற்றுப் பாடத்தை அவர்களோடு நடந்துதான் படிக்கவேண்டும்.